இருசக்கர வாகன டயர்க் காற்றழுத்தம்

இருசக்கர வாகன டயர்க் காற்றழுத்தம் என்பது மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் ஆகியவற்றின் டயருக்குள் அடைக்கப்பட்ட காற்று, வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதலாக அழுத்துகிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் ஒரு சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு (பிஎஸ்ஐ) என்ற அலகில் சொல்லப்படுகிறது. பஞ்சர் கடைகளில் "முன்னால இருபத்தஞ்சு, பின்னால முப்பது" என்று சொல்லப்படுவது இந்த அலகில்தான். வண்டி நிற்கும் தூரம், வளைவில் பிடிமானம், எரிபொருள் செலவு, டயரின் ஆயுள் ஆகிய நான்கும் இந்த ஓர் எண்ணைச் சார்ந்துள்ளன. நான்கு சக்கர வாகனத்தில் ஒரு டயரில் காற்று குறைந்தால் மற்ற மூன்று ஓரளவு தாங்கிக்கொள்ளும். இருசக்கர வாகனத்தில் அந்த வசதி இல்லை.

இக்கட்டுரை பொதுவான காற்றழுத்தக் கணக்கையும், மோட்டார் சைக்கிளில் கார் டயர் மாட்டும்போது அந்தக் கணக்கு எப்படி மாறிப்போகிறது என்பதையும் விளக்குகிறது.

காற்று செய்யும் வேலை

வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. ரப்பரும் அதனுள் இருக்கும் நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல் அடுக்குகளும் காற்றைப் பிடித்து வைக்கும் பை மட்டுமே. காற்று நிரப்பிய டயருக்கு ஸ்காட்லாந்துக்காரரான இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ஆம் ஆண்டே காப்புரிமை பெற்றார். ஆனால் அது நடைமுறைக்கு வந்தது, 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காக அதை மீண்டும் உருவாக்கிய பின்னர்தான். இன்றும் நாம் காற்று அடிக்கும் வால்வு 1893-இல் அமெரிக்காவில் ஆகஸ்ட் ஷ்ரேடர் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழிவந்ததாகும்.

டயர் சாலையைத் தொடும் பரப்பைத் தோராயமாகக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. சக்கரத்தின்மேல் விழும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுக்க வேண்டும். 110 கிலோ எடையுள்ள மோட்டார் சைக்கிளில் 65 கிலோ எடையுள்ள ஒருவர் மட்டும் அமர்ந்தால் மொத்தம் 175 கிலோ. இதில் ஏறத்தாழ 100 கிலோ பின்சக்கரத்தில் விழுகிறது என்று கொள்வோம். பின் டயரில் 29 பிஎஸ்ஐ இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.04 கிலோகிராம் விசைக்குச் சமம். 100-ஐ 2.04-ஆல் வகுத்தால் சுமார் 49 சதுர சென்டிமீட்டர் வரும். அதாவது ஏழு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். உள்ளங்கையைவிடச் சிறிய அந்தத் துண்டு ரப்பரை நம்பித்தான் வண்டி பிரேக் பிடிக்கிறது, வளைகிறது.

டயரின் பக்கச்சுவரும் எடையில் ஒரு சிறு பங்கைத் தாங்குவதால் உண்மையான பரப்பு இக்கணக்கிலிருந்து சற்று வேறுபடும். இருந்தாலும் அழுத்தம் குறைந்தால் தொடும் பரப்பு விரியும், கூடினால் சுருங்கும் என்பது மாறாது.

பரப்பு விரிந்தால் பிடிமானம் கூடும்தானே, காற்றைக் குறைத்தால் என்ன என்ற கேள்வி எழலாம். மணலிலும் சேற்றிலும் அப்படித்தான் செய்கிறார்கள். தார்ச்சாலையில் அது வேறு விளைவைத் தருகிறது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. மடங்கும் ரப்பர் சூடேறுகிறது. சூடு நூல் அடுக்குகளுக்கும் ரப்பருக்கும் இடையிலான ஒட்டைத் தளர்த்துகிறது. முன் டயரில் காற்று குறைந்தால் கைப்பிடி கனமாகிறது, வளைவில் வண்டி திரும்ப மறுக்கிறது. பின் டயரில் குறைந்தால் வண்டியின் பின்பாகம் மீன் வாலைப்போல் ஆடுகிறது. டியூப் உள்ள சக்கரங்களில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின்மேல் சிறிது சிறிதாக நகர்ந்து, டியூபையும் இழுத்துச் சென்று, வால்வு ஒட்டியிருக்கும் இடத்தில் கிழித்துவிடுகிறது. வால்வு நேராக இல்லாமல் சாய்ந்து நிற்பது இதன் முதல் அடையாளம். அப்படிப் பார்த்தால் அன்றே டயரைக் கழற்றிச் சரிசெய்வது நல்லது. அந்த இடத்தில் கிழிந்த டியூபுக்கு ஒட்டுப் போட முடியாது, காற்றும் ஒரே நொடியில் போய்விடும்.

காற்று மிகுந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடுகிறது, அது சீக்கிரம் தேய்கிறது. குண்டுகுழிகளின் அதிர்ச்சி ரிம்முக்கும் முதுகெலும்புக்கும் நேராகப் போகிறது. ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் சக்கரம் எளிதில் வழுக்குகிறது.

அலகுகளும் அளவியும்

ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் விசை என்பது 14.22 பிஎஸ்ஐ. ஒரு பிஎஸ்ஐ 6.9 கிலோபாஸ்கல். வண்டியின் கையேட்டில் 2.00, 2.25 போன்ற எண்கள் இருந்தால் அவை பெரும்பாலும் சதுர சென்டிமீட்டர் கணக்கைச் சேர்ந்தவை. 200, 225 என்றிருந்தால் கிலோபாஸ்கல். மூன்றும் ஒரே வட்ட அளவியில் வெவ்வேறு நிறங்களில் அச்சிடப்பட்டிருக்கும். தவறான வரிசையைப் படிப்பது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது.

அளவி காட்டுவது முழு அழுத்தம் அன்று, வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தம் மட்டுமே. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. டயர் முழுதாகக் காற்று இறங்கி அளவி பூச்சியம் காட்டும்போதும் உள்ளே 14.7 இருக்கிறது. அடுத்த பகுதியில் வரும் வெப்பக் கணக்கிற்கு இந்த வேறுபாடு தேவைப்படும்.

பெட்ரோல் பங்குகளில் இலவசமாகக் காற்று பிடிக்க வசதி தரப்பட வேண்டும். அங்குள்ள அளவியும் தெருமுனைப் பஞ்சர் கடையின் அளவியும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பிஎஸ்ஐ வேறுபடுவது சாதாரணம். பல பேர் கைமாறி, கீழே விழுந்து, வெயிலில் காய்ந்த அளவி அது. சட்டைப் பையில் அடங்கும் சொந்த அளவி ஒன்றை வாங்கி எப்போதும் அதையே பயன்படுத்தினால், அது ஓரிரு பிஎஸ்ஐ தவறாகக் காட்டினாலும், எல்லா நாளும் ஒரே மாதிரித் தவறாகக் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும்.

குளிர்ந்த நிலையும் சூடான நிலையும்

கையேட்டில் உள்ள அளவு, குளிர்ந்த டயருக்கானது. வண்டி குறைந்தது இரண்டு மூன்று மணிநேரம் நிழலில் நின்றிருக்க வேண்டும், அல்லது ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது என்பது இதன் பொருள். காலையில் வீட்டு வாசலில் அளப்பதே சிறந்தது.

இதற்கான காரணம் பள்ளிப் பாடத்தில் வரும் வாயு விதிதான். கன அளவு மாறாதபோது வாயுவின் முழு அழுத்தம் அதன் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காலையில் 25 பாகை செல்சியசில் 29 பிஎஸ்ஐ அடித்ததாகக் கொள்வோம். முழு அழுத்தம் 43.7. சித்திரை வெயிலில் ஓடி டயருக்குள் காற்று 55 பாகையை எட்டினால், 298 கெல்வின் 328 ஆகிறது. 43.7 அதே விகிதத்தில் ஏறி 48.1 ஆகும். வெளிக்காற்றைக் கழித்தால் அளவி 33.4 காட்டும். ஏறத்தாழ பத்துப் பாகைக்கு ஒன்றரை பிஎஸ்ஐ.

ஆகவே மதியம் பங்கில் அளந்து, "நாலு பிஎஸ்ஐ அதிகமா இருக்கு" என்று காற்றை இறக்கிவிடுவது தவறு. மறுநாள் காலையில் அந்த டயர் 25-இல் நிற்கும். கோடையில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் வெடித்துவிடும் என்ற நம்பிக்கை ஊர்ப்புறங்களில் வலுவாக உள்ளது. நல்ல நிலையிலுள்ள டயர் இந்த நான்கு பிஎஸ்ஐ ஏற்றத்தால் வெடிப்பதில்லை. அது வடிவமைப்பிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. கோடையில் வெடிக்கும் டயர்களில் பெரும்பாலானவை காற்று குறைந்து, சுமை மிகுந்து, அதனால் சூடேறிய டயர்கள். காற்றைக் குறைத்தால் சூடு கூடும் என்பதால், அந்த நம்பிக்கை எந்த விபத்தைத் தவிர்க்க நினைக்கிறதோ அதையே வரவழைக்கிறது.

தர்மபுரிச் சமவெளியிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கூடுகிறது. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1.6 பிஎஸ்ஐ குறைவு என்பதால் அளவி அந்த அளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மலையில் காற்று குளிர்ந்தும் இருப்பதால் அதில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. மலைப்பயணத்திற்காகத் தனியே காற்றை மாற்ற வேண்டியதில்லை.

சரியான அளவு எங்கே எழுதப்பட்டுள்ளது

வண்டியின் கையேட்டிலும், சங்கிலி உறை, சக்கர மட்டையின் உட்புறம் அல்லது இருக்கைக்கு அடியில் ஒட்டப்பட்ட தாளிலும் எழுதப்பட்டிருக்கும். முன்சக்கரத்துக்கு ஓர் எண், பின்சக்கரத்துக்கு ஒருவர் ஓட்டும்போது ஓர் எண், இருவர் செல்லும்போது ஓர் எண் என்று மூன்று எண்கள் இருக்கும்.

டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்று அடிப்பது பரவலான பிழை. அங்கே எழுதப்பட்டிருப்பது அந்த டயர் அதன் முழுச் சுமையைத் தாங்குவதற்கான அழுத்தம், அல்லது தாண்டக்கூடாத உச்ச அழுத்தம். ஒரே டயர் பல வண்டிகளில் மாட்டப்படலாம். எந்த வண்டிக்கு எவ்வளவு என்று டயர் செய்தவருக்குத் தெரியாது, வண்டி செய்தவருக்குத்தான் தெரியும்.

பக்கச்சுவரில் இன்னொரு பயனுள்ள எண்ணும் உண்டு. '54 பி' போன்று எழுதப்பட்டிருப்பதில் 54 என்பது சுமைக் குறியீட்டெண். அந்த டயர் 212 கிலோ வரை தாங்கும் என்று அது சொல்கிறது. 48 என்றால் 180 கிலோ. இவை நேரடியாகக் கிலோவைக் குறிப்பவை அல்ல, ஓர் அட்டவணையின் வரிசை எண்கள். பின்னால் வரும் எழுத்து அதிகபட்ச வேகத்தைக் குறிக்கும்.

சுமை ஏற்றும் வண்டிகள்

நகரத்தில் எழுதப்படும் மோட்டார் சைக்கிள் கட்டுரைகள் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர் அமரும் வண்டியைத்தான் கற்பனை செய்கின்றன. தர்மபுரி மாவட்டத்தின் கம்பைநல்லூர், மொரப்பூர், காரிமங்கலம் பக்கத்துச் சாலைகளில் ஒரு மணிநேரம் நின்று பார்த்தால் படம் வேறு. பால் கேன்கள், தீவன மூட்டை, புல்லுக்கட்டு, தேங்காய் மூட்டை, தக்காளிக் கூடை, சில நாட்களில் ஓர் ஆட்டுக்குட்டி என்று எல்லாமே இரண்டு சக்கரத்தில் போகின்றன. ஓசூரில் 1980-இல் தயாரிக்கத் தொடங்கப்பட்ட டிவிஎஸ் 50, இருவர் அமரத்தக்க மொபெட்டாக வந்தது. அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகள் இன்று கிராமப்புறத்தின் சுமை வண்டிகள் என்றே சொல்லலாம்.

மேலே சொன்ன 110 கிலோ வண்டியில் 65 கிலோ ஓட்டுநருடன் 50 கிலோ மூட்டை ஒன்றைப் பின்னால் கட்டினால் மொத்தம் 225 கிலோ. மூட்டை பின் அச்சை ஒட்டி இருப்பதால் அதன் எடை கிட்டத்தட்ட முழுவதும் பின்சக்கரத்திலேயே விழும். 100 கிலோ தாங்கிய பின் டயர் இப்போது 146 கிலோ தாங்குகிறது. காற்றைக் கூட்டாமல் 29 பிஎஸ்ஐ-யிலேயே ஓட்டினால் தொடும் பரப்பு 49-இலிருந்து 72 சதுர சென்டிமீட்டராக விரியும். அந்த விரிவு முழுதும் பக்கச்சுவரின் மடிப்பாகவும் சூடாகவும் மாறும். பழைய பரப்பையே வைத்திருக்க வேண்டுமானால் கணக்குப்படி 42 பிஎஸ்ஐ வேண்டும். தயாரிப்பாளர்கள் பிடிமானத்தையும் கருதி இடைப்பட்ட ஓர் எண்ணை 'இருவர்' என்ற வரிசையில் தருகிறார்கள். மூட்டை ஏற்றும்போதும் அந்த எண்ணையே பயன்படுத்த வேண்டும். மூட்டையும் ஓர் ஆள்தான்.

முன்சக்கரத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அச்சுக்குப் பின்னால் தொங்கும் சுமை, ஏற்றப்பலகைபோல் முன்சக்கரத்தைத் தூக்குகிறது. தொப்பூர் கணவாய் போன்ற இறக்கங்களில் பிரேக் பிடிக்கும்போது அதே எடை திடீரென முன்பக்கம் பாய்கிறது. முன் டயரில் காற்று குறைவாக இருந்தால் அந்த நொடியில் கைப்பிடி ஆடத் தொடங்கும். சுமை வண்டிக்காரர்கள் பின் டயரை விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள், முன் டயரைப் பார்ப்பதில்லை. விரலால் அழுத்துவதும் கட்டையால் தட்டிச் சத்தம் கேட்பதும் பஞ்சரைக் கண்டுபிடிக்கும், 20-க்கும் 28-க்கும் வேறுபாடு சொல்லாது.

மோட்டார் சைக்கிளில் கார் டயர்

மேலைநாடுகளில் நெடும்பயணம் செல்லும் சில மோட்டார் சைக்கிள்காரர்கள் பின்சக்கரத்தில் மட்டும் கார் டயரை மாட்டிக்கொள்கிறார்கள். தங்களைக் கேலியாக 'டார்க் சைடு' கூட்டம் என்று அழைத்துக்கொள்வார்கள். 350 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஹோண்டா கோல்டு விங் போன்ற வண்டிகளில் இது அதிகம். அவ்வண்டியின் 1800 சிசி வகையில் 180/60 ஆர் 16 அளவுள்ள மோட்டார் சைக்கிள் டயருக்குப் பதிலாக 195/55 ஆர் 16 கார் டயர் மாட்டுவது பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு. காரணம் பணம்தான். கார் டயரின் ரப்பர் கடினமானது, விலை குறைவு, பல மடங்கு தூரம் உழைக்கும்.

பக்கத் தொட்டில் (சைட்கார்) இணைத்த மோட்டார் சைக்கிள்களிலும் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களிலும் கார் டயர் இருப்பது வேறு கதை. அவை வளைவில் சாய்வதில்லை. தட்டையான அடிப்பாகம் கொண்ட டயர் அவற்றுக்குப் பொருத்தமே. நம் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கான இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களும் சாயாத வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஸ்கூட்டருக்கான உருண்டை டயரே இருப்பதால் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. இரு பக்கச் சக்கரங்களிலும் அழுத்தம் சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

சாயும் வண்டியில்தான் சிக்கல். கார் திரும்புவது, டயர் செல்லும் திசைக்கும் சக்கரம் நோக்கும் திசைக்கும் இடையே ஏற்படும் சிறு கோணத்தால். மோட்டார் சைக்கிள் திரும்புவது பெரும்பாலும் சாய்வினால். சாய்ந்த கூம்பு ஒன்றை உருட்டிவிட்டால் அது வட்டமாக உருளும் அல்லவா, அதுபோல. அதனால்தான் மோட்டார் சைக்கிள் டயரின் குறுக்குவெட்டு உருண்டையாக இருக்கிறது. எந்தச் சாய்விலும் ஏறத்தாழ ஒரே அளவு ரப்பர் தரையில் இருக்கும். கார் டயரின் குறுக்குவெட்டு பெட்டி வடிவம். சாய்க்கும்போது அது தன் ஓரத்தின்மேல் ஏறி நிற்க முயல்கிறது. ஓட்டுநர் கைப்பிடியை விடாமல் அழுத்தி வைத்திருந்தால்தான் வண்டி சாய்வில் நிற்கும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். பக்கச்சுவர் வளைந்து கொடுத்து, டயரின் அடிப்பாகம் தரையோடு ஒட்டினால் மட்டுமே பிடிமானம் இருக்கும். அது எவ்வளவு வளையும் என்பதைக் காற்றழுத்தம் தீர்மானிக்கிறது. கார் டயர் மாட்டியவர்கள் ஆளுக்கோர் எண் சொல்வதன் காரணம் இதுவே.

அந்த எண்ணைத் தேடுவது

கோல்டு விங்கின் அந்த வகைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு முன்னால் 36, பின்னால் 41 பிஎஸ்ஐ. கார் டயருக்கும் 41 என்று வைத்துவிடலாமா என்றால் கூடாது. அந்த எண் மோட்டார் சைக்கிள் டயரின் சிறிய உட்கன அளவுக்கும் குறைந்த சுமைத்திறனுக்கும் உரியது.

சுமைக் கணக்கிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். 195/55 ஆர் 16 கார் டயரின் சுமைக் குறியீட்டெண் பொதுவாக 87, அதாவது 545 கிலோ. இந்த முழுச் சுமையை அது 250 கிலோபாஸ்கலில், அதாவது 36 பிஎஸ்ஐ-யில் தாங்கும். சுமைத்திறன் அழுத்தத்தின் 0.8 அடுக்குக்கு ஏற்ப மாறுவதாக டயர்ப் பொறியியலில் கணக்கிடுவது வழக்கம். இருவரும் பெட்டிகளுமாகப் பின்சக்கரத்தில் 350 கிலோ விழுவதாகக் கொண்டால், தேவையான அழுத்தம் சுமார் 144 கிலோபாஸ்கல். வெறும் 21 பிஎஸ்ஐ.

ஆனால் 21-இல் அந்த டயரை ஓட்டக் கூடாது. இந்தச் சூத்திரம் நிமிர்ந்து ஓடும் காருக்கு உரியது; டயரின் விளிம்பு ரிம்மைவிட்டு விலகாமல் பக்கவாட்டு விசையைத் தாங்குவதை அது கணக்கில் எடுக்கவில்லை. சாய்ந்த மோட்டார் சைக்கிளில் எடை முழுவதும் ஒரு பக்கச்சுவரின்மேல் விழுகிறது. குறைந்த அழுத்தத்தில் அது மடங்கிக்கொண்டே இருக்கும், வளைவின் நடுவில் வண்டி குழைவதுபோல் தோன்றும், விளிம்பு கழன்றால் காற்று முழுதும் போய்விடும். மாறாக 40-ஐ நெருங்கினால் பக்கச்சுவர் வளைய மறுத்து, சாய்வில் டயர் ஓரத்தில் மட்டும் நிற்கும். ஆகவே பயன்படுத்துபவர்களின் எண்கள் பெரும்பாலும் 28-க்கும் 36-க்கும் இடையில் வந்து நிற்கின்றன.

அந்த இடைவெளிக்குள் தம் வண்டிக்கான எண்ணைக் கண்டுபிடிக்க அவர்கள் கையாளும் வழி பாலைவனப் பயணிகளிடமிருந்து வந்த நான்கு பிஎஸ்ஐ கைக்கணக்கு. காலையில் குளிர்ந்த டயரை அளந்து குறித்துக்கொண்டு, வழக்கமான சுமையோடும் வேகத்தோடும் ஒரு மணிநேரம் ஓட்டி, நின்ற உடனே மீண்டும் அளக்க வேண்டும். நான்கு பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. ஆறோ ஏழோ ஏறியிருந்தால் டயர் அதிகம் மடங்கிச் சூடேறுகிறது, ஆகவே காலையில் அடிக்கும் காற்றைக் கூட்ட வேண்டும். ஏற்றம் இரண்டுக்குள் நின்றால் காற்று மிகுதி, குறைக்க வேண்டும். ஏறினால் கூட்டு, ஏறாவிட்டால் குறை என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். அளவி காட்டுவது காற்றின் அளவை அல்ல, டயர் படும் பாட்டை என்று எண்ணிக்கொண்டால் புரியும். காலையில் 25 பாகையும் அளக்கும்போது 38 பாகையுமாக வெளிவெப்பமே மாறியிருந்தால் அதற்கான இரண்டு பிஎஸ்ஐ-யைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

சுண்ணக்கட்டி முறையும் உண்டு. டயரின் அடிப்பாகத்தில் குறுக்காகச் சுண்ணக்கோடு போட்டு, சமமான சாலையில் சிறிது தூரம் நேராக ஓட்டினால், கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. கார் டயருக்கு இது நன்றாக வேலை செய்யும். ஆனால் நேராக ஓடும்போது மட்டும். வளைவில் என்ன நடக்கும் என்பதைச் சுண்ணக்கோடு சொல்லாது, வளைவுதான் இங்கே கேள்வியே. உருண்டை வடிவ மோட்டார் சைக்கிள் டயரில் எப்போதுமே நடுவில்தான் அழியும் என்பதால் அங்கே இம்முறை பயனற்றது.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்கிய நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது என்று நாசாவின் வானூர்தி டயர் ஆய்வுகளில் ஹார்ன் என்பவர் கண்டார். அவருடைய சூத்திரப்படி 41 பிஎஸ்ஐ டயர் மணிக்கு சுமார் 107 கிலோமீட்டரிலும், 28 பிஎஸ்ஐ டயர் சுமார் 88 கிலோமீட்டரிலும் மிதக்கத் தொடங்கும். அகலமான தட்டை டயர் நீரை ஒதுக்குவதும் கடினம். மிதக்கும் கார் நேராகச் சறுக்கும். மிதக்கும் மோட்டார் சைக்கிள் விழும்.

எந்த எண்ணாலும் தீராத ஒரு குறை

சரியான காற்றழுத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கார் டயர் பாதுகாப்பானதாகிவிடும் என்று கருதக் கூடாது. மோட்டார் சைக்கிள் ரிம்மும் கார் ரிம்மும் ஒரே விட்டம் சொல்லி விற்கப்பட்டாலும், டயர் விளிம்பு அமரும் பகுதியின் வடிவம் ஒன்றல்ல. கார் டயரை மோட்டார் சைக்கிள் ரிம்மில் உட்காரவைக்க வழக்கத்தைவிட அதிகக் காற்று தேவைப்படலாம். விளிம்பை உட்காரவைக்க 40 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏற்றக் கூடாது என்று பல கார் டயர்களின் பக்கச்சுவரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதைத் தாண்டும்போது விளிம்பினுள் இருக்கும் எஃகுக் கம்பி அறுந்தால் டயர் வெடித்து, குனிந்து நிற்பவரின் கையையும் முகத்தையும் தாக்கும். இந்த ஆபத்து வண்டி ஓட்டுபவருக்கு மட்டுமன்று, தினக்கூலிக்கு டயர் மாட்டும் பஞ்சர் கடைப் பையனுக்கும்தான். டயர் தயாரிப்பாளர்கள் இத்தகைய பயன்பாட்டை ஏற்பதில்லை.

இந்தியாவில் ஓடும் சாதாரண மோட்டார் சைக்கிள்களில் இந்த ஆசைக்கு இடமே குறைவு. 17, 18 அங்குலச் சக்கரங்களின் ரிம் அகலம் பெரும்பாலும் இரண்டு அங்குலத்தை ஒட்டியே இருக்கும். மிகச் சிறிய கார் டயர்களில் ஒன்றான 145/80 ஆர் 12-க்குக்கூட நான்கு அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். புல்லட் போன்ற வண்டிகளை மாற்றியமைப்பவர்கள் அகலமான ரிம் செய்து, பின்பக்கத் தண்டவாளத்தை விரித்து, கொழுத்த டயர் மாட்டுவதுண்டு. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஓட்டியவர்கள் பெரும்பாலும் வளைவைப் பற்றிப் பேசுவதில்லை.

சட்டத்தின் நிலையும் இதற்கு எதிரானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. இரு, மூன்று சக்கர வாகன டயர்களுக்கு ஐஎஸ் 15627 என்ற தரநிலையும், கார் டயர்களுக்கு ஐஎஸ் 15633 என்ற வேறு தரநிலையும் இருக்கின்றன. கார் டயர் ஐஎஸ்ஐ முத்திரை பெற்றிருந்தாலும் அந்த முத்திரை காருக்குப் பெற்றது. விபத்து இழப்பீட்டுக் கோரிக்கையில் காப்பீட்டு நிறுவனம் இதை எழுப்ப இடமுண்டு.

நீண்ட உழைப்புக்காகக் கார் டயரை நாடுபவருக்கு எளிய மாற்று வழி உண்டு. தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே, சுமைக் குறியீட்டெண் கூடுதலாக உள்ள மோட்டார் சைக்கிள் டயரைத் தேர்ந்தெடுக்கலாம். மதுரையில் இயங்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா, சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்ஆர்எஃப் உட்படப் பல நிறுவனங்கள் ஒரே அளவில் வெவ்வேறு சுமைத்திறன் கொண்ட டயர்களைச் செய்கின்றன. கடையில் அளவை மட்டும் சொல்லாமல் அந்த எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும்.

பஞ்சர் கடையில் கேட்கப்படும் சில

நைட்ரஜன் அடித்தால் நல்லதா என்பது அடிக்கடி வரும் கேள்வி. நாம் மூச்சுவிடும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வெப்பத்தால் விரிவதில் உலர்ந்த காற்றுக்கும் நைட்ரஜனுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஈரமில்லாமல் இருப்பதும், சற்று மெதுவாகக் கசிவதும் அதன் நன்மைகள். அன்றாட வண்டிக்கு அதற்காகக் காசு கொடுப்பதைவிட இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது மேல்.

பஞ்சரே ஆகாத டயரிலும் காற்று குறையும். ரப்பர் வழியாகவே காற்று மெல்லக் கசிகிறது. டியூப் வைத்த சக்கரத்தில் அது இன்னும் வேகம். வால்வின் நுனியில் எச்சில் தொட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் இன்றும் நம்பத்தக்கது. குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசியை மாற்ற வேண்டும், அதன் விலை மிகச் சொற்பம். வால்வு மூடி அலங்காரத்துக்கு அன்று. புழுதி உள்ளே போய் ஊசியைக் கெடுக்காமல் தடுப்பது அதுதான். கம்பைநல்லூர்ப் பக்கத்து மண்சாலைகளில் மூடி இல்லாமல் ஓடும் வண்டிகளை எண்ணினால், காற்று நிற்காத டயர்களுக்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.